ஒரு விரல் வடக்கே

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். மேடம் என்று கூப்பிட எனக்கு வாய் வராது. தங்கச்சி என்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்டதை நானே ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். புயல் எந்தப் பக்கம் போகும் என்று கோடு போட்டுக் காட்டுகிற கம்ப்யூட்டர் மாடலை ஜூன் மாதத்தில் புதிதாக்கினார்கள். புதிதாக்கிய பிறகு எல்லா ஊர்களுக்கும் கோடு முன்பைவிடச் சரியாக வருகிறது. எங்கள் ஊரில் மட்டும் தலைகீழ். பழைய மாடல் இருந்தவரைக்கும் எங்கள் அறிவிப்பு அச்சுப் பிசகாமல் இருந்தது, புது மாடல் வந்ததும் தவறிவிட்டது. இது எப்படி? இதைக் கேட்கத்தானே சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும், தங்கச்சி? நான் வாசிக்கிறவள். இந்த அறை மீனவர் சங்கத்துடையது. கம்ப்யூட்டரும் மைக்கும் ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. ஊரில் நாலு இடத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், தொழிலுக்குப் போகலாமா கூடாதா, புயல் இருந்தால் படகை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது. ஒவ்வொன்றையும் மூன்று தடவை வாசிக்க வேண்டும். முதல் தடவை காற்றில் போய்விடும், இரண்டாவது தடவை காதில் விழும், மூன்றாவது தடவைதான் மனசில் விழும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவர் சொன்னார். கூட்டாமல் குறைக்காமல் மூன்று தடவை. பதினோரு வருஷத்தில் நான் ஒரு வார்த்தை கூட்டியதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வாசிப்பதெல்லாம் தானாகவே பதிவாகிறது என்பது நீங்கள் போனில் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். சென்னையில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டீர்களா? என் குரலை? ஒரு தடவை நடுவில் தும்மியிருப்பேன். ஒரு தடவை மைக்கை அணைக்க மறந்துவிட்டு மீன்காரியிடம் நெத்திலிக்கு விலை பேசியிருக்கிறேன். அதையும் கேட்டீர்களா? ஐயோ.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

அந்தப் படத்தைக் காட்ட வேண்டாம். தெரியும். போன புயலுக்கு மாடல் போட்ட கோடு தெற்கே இருக்கிற வாய்க்காலுக்குப் போகிறது, நான் வாசித்தது எங்கள் ஊரை. அதைத்தானே காட்டுகிறீர்கள். அதற்கு முந்தைய புயலிலும் அப்படித்தானா? அதற்கும் முந்தையதிலும்? எல்லாம் வைத்திருக்கிறீர்களா?

நான் ஒரு வார்த்தை கூட்டியதில்லை என்றுதான் சொன்னேன். கோட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே.

சொல்கிறேன். மூடி வையுங்கள் அதை, கண்ணுக்கு நேரே இருந்தால் பேச வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு புயல். மாடல் வாய்க்காலைக் காட்டியது. அப்படியே வாசித்தேன். எல்லாரும் படகை இங்கேயே மணலில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். புயல் எங்கள் ஊருக்கு வந்தது. அடுத்த புயலுக்கும் அதே கதை. கோடு ஒரு இடத்தைக் காட்டும், புயல் அதற்குக் கொஞ்சம் வடக்கே தள்ளி ஏறும். எல்லாத் தடவையும் வடக்கே. ஒரு தடவைகூடத் தெற்கே இல்லை. இந்தத் திரையில் எங்கள் மாவட்டம் முழுசாகத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தேன். கோட்டுக்கும் நிஜத்துக்கும் நடுவில் என் ஆள்காட்டி விரல் சரியாகப் பொருந்தியது.

எங்கள் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் வேகமாக ஓடும். அதைப் போய் யார் திருத்துகிறார்கள்? பார்க்கும்போதே பத்து நிமிஷத்தைக் கழித்துக்கொள்கிறோம். அப்படித்தான் இதுவும். விரலைக் கோட்டின் மேல் வைப்பேன். விரலுக்கு வடக்கே எந்த ஊர் இருக்கிறதோ அதை வாசிப்பேன்.

முதல் தடவை அப்படி வாசித்தேன். சொன்ன இடத்தில் வந்து ஏறியது புயல். பஞ்சநாதன் என்று ஒரு பையன், பையன் என்ன, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை, என்னை அண்ணி என்பான். வாழை இலையில் முழு வஞ்சிரம் ஒன்றைச் சுற்றிக் கொண்டுவந்து இந்த மேஜை மேல் வைத்தான். "அண்ணி, இது ஒங்களுக்கு இல்ல. ஒங்க கம்ப்யூட்டருக்கு" என்றான். கம்ப்யூட்டருக்குத்தான் என்றான். நானும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். நல்ல மீன். அன்றைக்குக் குழம்பு வைத்ததை இன்னும் நினைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ புயல். தப்பியதில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் எங்கள் குழாயைக் கேட்டுத்தான் படகை நகர்த்துவார்கள். பஞ்சாயத்தார் கூட்டம் போட்டால் நான் போய் நிற்க வேண்டியதில்லை, என்னைத் தேடி இங்கே ஆள் வரும். ஒரு பொம்பளையைத் தேடி.

ஜூன் மாதம் மாடலை மாற்றிவிட்டார்கள். நீங்கள் போனில் விளக்கினீர்கள், பாதி புரிந்தது. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுவார்கள், கட்டத்தைச் சின்னதாக்கினார்கள், அதனால் அந்தத் தெற்குச் சாய்வு போய்விட்டது. கோடு இப்போது நேராக வருகிறது. நல்லதுதான். யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டுக் கடிகாரத்தை நான் தூங்கும்போது ஒருத்தன் வந்து சரி பண்ணிவிட்டுப் போய்விட்டான். எழுந்ததும் நான் வழக்கம்போலப் பத்து நிமிஷத்தைக் கழிக்கத்தானே செய்வேன்? பஸ் போய்விடாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மெயிலா? வந்திருக்கும். எவ்வளவோ வருகிறது. வந்தது, வரவில்லை என்று நான் சொல்லவில்லை. தலைப்பைப் பார்த்தேன். இங்கிலீஷில் நீளமாக இருந்தது. புதிதாக்கினால் மேலும் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் ஆகியிருக்கிறது, அதுதானே இப்போது வம்பு.

என்ன கேட்டீர்கள்? ஊருக்கு நான் சொன்னேனா என்றா?

ஊரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? இந்தத் தவமணி விரலால் தள்ளி வைத்தாள் என்றால் ஒருத்தன் படகை நகர்த்துவானா? கம்ப்யூட்டர் சொல்கிறது என்றால் நகர்த்துவான். அவர்கள் நல்லதுக்குத்தான் சொல்லவில்லை. அது வேறு, தங்கச்சி. மாடல்காரர்கள் எனக்குச் சொல்லாததும் நான் ஊருக்குச் சொல்லாததும் ஒன்றாகிவிடுமா? நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, சரி. ஆனால் பார்த்தீர்கள்.

கார்த்திகையில் வந்தது அந்தப் புயல். அதுவரை நாலைந்து மாதம் கடல் சாதாரணமாகத்தான் இருந்தது, புது மாடலைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. கோடு தெற்கே வாய்க்காலுக்குப் போனது. விரலை வைத்தேன். எங்கள் ஊர். புயல் ஏறுகிற இடத்தில்தான் கடல் பொங்கும், விலகி இருக்கிற இடத்தில் அவ்வளவு இல்லை. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஊரில் ஏறினால் தெற்கே இருக்கிற வாய்க்கால்தான் பத்திரம். அதனால் படகுகளை வாய்க்காலுக்குக் கொண்டுபோகச் சொல்லி வாசித்தேன். மூன்று தடவை.

பஞ்சநாதன்தான் முதலில் கிளம்பினான். கிளம்புகிற அவசரத்திலும் இந்த ஜன்னலில் வந்து நின்றான்.

"அண்ணி, வாய்க்கால்தானே?"

"வாய்க்கால்தான்."

"டிவியில வாய்க்காலுக்கே வருதுங்குறான்."

"டிவிக்காரன் நேத்து சொன்னத இன்னிக்கும் சொல்லுவான். நீ கெளம்பு."

போய்விட்டான். அவன் பின்னால் ஊரே போனது. இந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன், வரிசையாகத் தெற்கே போனதை. பார்க்க அழகாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். நான் சொல்லிப் போகிறார்கள் என்று.

புயல் வாய்க்காலில் ஏறியது. கோடு போட்ட இடத்தில் அப்படியே, நூல் பிடித்த மாதிரி.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். படகைக் கட்டிவிட்டு எல்லாரும் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கிவிட்டார்கள். பஞ்சநாதனுக்கு மட்டும் கையில் தையல், கயிறு அறுந்து இழுத்தது. படகுகள்தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, முட்டி, பிளந்து. ஃபைபர் உடைந்தால் ஓடு ஓடாகப் பிளக்கும், பார்த்திருக்கிறீர்களா? சிலதை ஒட்டலாம். பஞ்சநாதன் படகை ஒட்ட முடியவில்லை. ஒட்டுவதற்குப் பின்பக்கம் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா.

இங்கே எங்கள் ஊரில் மழை பெய்தது. இரண்டு வீட்டுக் கீற்று பறந்தது. அவ்வளவுதான்.

எங்கள் படகு? எங்கள் படகு இங்கேதான் மணலில் நின்றது. எஞ்சின் ரிப்பேர். கொண்டுபோக முடியவில்லை. எஞ்சின் மட்டும் நன்றாக இருந்திருந்தால் எங்களுடையதும் போயிருக்கும். ஊர் இதை நம்ப வேண்டுமே? ஏலக் கூடத்தில் பவுனாம்பாள் என்று ஒருத்தி, அவள் மகன் படகு இரண்டாகப் போய்விட்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்டுப் போட்டுக்கு வாய்க்காலு, ஒன் வீட்டுப் போட்டுக்கு மணலு. நல்லாச் சொல்லுதுடி ஒன் கம்ப்யூட்டரு!" அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மீன் வாங்கப் போனவள் வெறும் கூடையோடு.

அவளையாவது திட்டலாம். பஞ்சநாதனை என்ன செய்வது? அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை இல்லை. படகு போய்விட்டது, வேறு வழியில்லை, இப்போது எங்கள் படகில் கூலிக்கு வருகிறான். விடிவதற்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பான். டீ போட்டுக் கொடுப்பேன். "அண்ணி, சக்கர கம்மியாப் போடுங்க" என்பான். அவ்வளவுதான் பேச்சு. அந்தத் தையல் போட்ட கையால் டம்ளரை வாங்குவான். எங்கள் எஞ்சினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போவான். தினமும். புயல் போன மறுநாளே எங்கள் படகுதான் முதலில் கடலுக்குப் போனது, அன்றைக்கே என் வீட்டுக்காரர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார். போட்டு இல்லாதவனுக்கு வேலை கொடுத்தாராம்.

ஆமாம். மறுநாள்தான்.

எஞ்சினா? எஞ்சின்...

நீங்கள் ரொம்பக் கூர்மை, தங்கச்சி. கணக்குப் பார்க்கிறவர்கள் இல்லையா.

எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள், அதனால் சொல்கிறேன். அன்றைக்கு அறிவிப்பு வாசித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர், ராஜாங்கம் என்று பேர், தலைக்குக் கையைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் போயிட்டாங்க. நீங்க இன்னும் கெளம்பலியா?"

"டிவியில வாய்க்காலுங்குறான். அங்க போயி நான் எதுக்குச் சாவணும்?"

"நான் சொல்றேன்ல?"

"நீ ஊருக்குச் சொல்லு."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ ஊருக்குச் சொல்லு. அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் வாசித்ததைக் கேட்டு அவர் ஒரு தடவையும் படகை நகர்த்தியதில்லை. பழைய புயல்களுக்கெல்லாம் ஊர் நகர்த்தும், கூடவே அவரும் போவார். கூட்டத்தோடு போவார், என் பேச்சுக்கு இல்லை. இந்தத் தடவை அவருக்குக் கால் வலியோ சோம்பலோ, போகவில்லை. சரியாகப் போயிற்று. அதற்கப்புறம் வீட்டில் நான் என்ன பேச முடியும்? அவர் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. சாப்பிடும்போது ஒரு தடவை சிரித்தார், அவ்வளவுதான்.

இதைப் பஞ்சாயத்தில் சொல்லலாமே என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். இப்போது ஊர் என்ன நினைக்கிறது? தவமணிக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே எங்களை அனுப்பிவிட்டு அவள் வீட்டுப் படகைக் காப்பாற்றிக்கொண்டாள். கள்ளி. அதில்கூட ஒரு மரியாதை இருக்கிறது, தங்கச்சி. விஷயம் தெரிந்த கள்ளி. நான் உள்ளதைச் சொன்னால்? கட்டினவனே கேட்காத பேச்சையா நாங்கள் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பார்கள். அதற்கு நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? எஞ்சின் ரிப்பேர் என்பதே நன்றாக இருக்கிறது.

பஞ்சநாதனுக்கு எஞ்சின் ரிப்பேர் இல்லை என்று தெரியும். மறுநாள் தூக்கினவன் அவன்தானே. அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஊரில் அறிவிப்பை யாரும் கேட்பதில்லை. ஏலக் கூடத்துக் குழாயை யாரோ கடலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்கள். மீனுக்குச் சொல்லட்டுமாம். ஆனால் வேறு ஒன்றைப் பார்க்கிறார்கள். எங்கள் படகைப் பார்க்கிறார்கள். அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் பத்திரமாம். ராஜாங்கம் போட்டு நகர்ந்தால் நகரலாம் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். அவர் காதோடு பெண்டாட்டி சொல்லிவிடுகிறாள் என்று ஊருக்கு நினைப்பு. இங்கே வாருங்கள், ஜன்னலுக்கு. அதோ, நீலத்தில் சிவப்புப் பட்டை, அதுதான். மணலில் நிற்கிறது. அதைச் சுற்றி நிற்கிறவர்கள் சும்மா நிற்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஏனென்றால் இன்னொன்று வருகிறது. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியுமே. காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன். இப்போது நீங்களே திறந்து பாருங்கள். நான் தொடவில்லை, கையை மடியில் வைத்திருக்கிறேன். எங்கே போகிறது கோடு?

எங்கள் ஊர்.

விரலே வைக்காமல் எங்கள் ஊர். புது மாடலில் சாய்வு கிடையாது என்றீர்கள், அப்படியென்றால் எங்கள் ஊர்தான். அப்படியென்றால் படகை எங்கே கொண்டுபோக வேண்டும்? வாய்க்காலுக்கு. அதே வாய்க்காலுக்கு. நான் மைக்கைப் பிடித்து மறுபடியும் வாய்க்கால் என்று சொன்னால் பவுனாம்பாள் செருப்போடு வருவாள்.

பஞ்சநாதன் இன்று காலையில் டீ குடிக்கும்போது கேட்டான். "அண்ணி, அண்ணன் போட்டை நகத்துறாரா?" அதுதான் கேட்டான். கம்ப்யூட்டர் என்ன சொல்லுது அண்ணி என்று கேட்கவில்லை. அவனே கேட்கவில்லை. நான் என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். "டிவியில இன்னும் தெளிவாச் சொல்லல, நாளைக்குப் பாப்பம்" என்றார். நாளைக்கு அலை எழும்பிவிடும், வாய்க்காலுக்குப் போக முடியாது. இன்று இருட்டுவதற்குள் கிளம்பினால்தான் உண்டு. அவர் நகர்த்தமாட்டார். அவர் நகர்த்தாவிட்டால் ஒருத்தரும் நகர்த்தமாட்டார்கள். மிச்சம் இருக்கிற படகும், ஒட்டிவைத்த படகும், எல்லாம் இந்த மணலில்.

நீங்கள் வந்து பஞ்சாயத்தாரிடம் பேசுகிறீர்களா? மாடலை மாற்றிவிட்டார்கள், அதனால்தான் போன தடவை தப்பாயிற்று, தவமணி மேல் குற்றம் இல்லை என்று? நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் எங்கள் தலைவர் விவரமானவர். கேட்பார். மாடல் சரியானதென்றால் அறிவிப்பு ஏன் தப்பானது என்று கேட்பார். நீங்கள் கேட்ட அதே கேள்வி. அதற்கு என் விரலைத்தான் காட்ட வேண்டும்.

போனில் ஒன்று சொன்னீர்களே, எனக்கு அது பிடித்திருந்தது. பழைய புயல்களையெல்லாம் புது மாடலில் திரும்ப ஓட்டிப் பார்ப்பீர்களாம், அப்போதுதான் பழசையும் புதுசையும் ஒப்பிட முடியுமாம். திரும்ப ஓட்டினால் அதில் வீடு விழாது இல்லையா? கணக்கு மட்டும்தானே. அதில் என்னையும் ஓட்ட முடியுமா, தங்கச்சி? முழுசாக வேண்டாம். பஞ்சநாதன் இந்த ஜன்னலில் நின்று, டிவியில் வாய்க்காலுக்கே வருகிறது என்கிறான் என்று சொன்ன இடத்திலிருந்து.

சும்மா கேட்டேன்.

எங்கள் ஊரை உங்கள் ஆராய்ச்சியில் என்ன செய்வீர்கள்? எடுத்துவிடுவீர்களா? எடுக்கத்தான் வேண்டும், ஆள் கை பட்டது மாடல் கணக்கில் சேராது. பதினோரு வருஷத்தையுமா? சரியாக வந்ததையும்? ஆமாம், சரியாக வந்ததிலும் கை இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

சாயங்கால அறிவிப்புக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் இருங்கள். இருந்தால் எனக்கு நல்லது. இந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் பேசக்கூடாது.

ஒன்று கேட்கிறேன், அதற்கு முன்னால். நான் ஒரு வார்த்தை கூட்டியதில்லை என்று எழுதிக்கொண்டீர்களா? அதை அடித்துவிடுங்கள்.

"வணக்கம். இது மாலை அறிவிப்பு. வங்கக் கடலில் உருவாகியுள்ள புயல் நாளை இரவு நம்முடைய ஊரில் கரையைக் கடக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. மீனவர்கள் யாரும் தொழிலுக்குப் போக வேண்டாம். படகுகளை இன்று இருட்டுவதற்குள் தெற்கு வாய்க்காலுக்குக் கொண்டுபோய்க் கட்டவும். இது கம்ப்யூட்டர் போட்ட கோடு. போன புயலுக்குக் கம்ப்யூட்டர் போட்ட கோடு சரியாக இருந்தது. அதை வடக்கே தள்ளி வாசித்தது நான். அதற்கு முன்னாலும் தள்ளித்தான் வாசித்தேன், உங்களிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் படகு அன்றைக்கு மணலில் நின்றது எனக்கு முன்னாலேயே விஷயம் தெரிந்ததால் இல்லை. எஞ்சின் ரிப்பேரும் இல்லை. என் வீட்டுக்காரர் ராஜாங்கம் நான் சொல்வதைக் கேட்பதில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. அதனால் எங்கள் படகைப் பார்க்க வேண்டாம். கோட்டைப் பார்க்கவும். சங்க அறையில் திறந்து வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களையும் கேட்கலாம். அறிவிப்பு முடிந்தது."

ஜன்னலைச் சாத்த வேண்டாம், தங்கச்சி. சாத்தினாலும் கேட்கும். பவுனாம்பாள் வெளியே வந்துவிட்டாளா? சிரிக்கிறாளா? எனக்குச் சொல்ல வேண்டாம். படகைச் சுற்றி நின்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

பஞ்சநாதனா? குழாயையா? நன்றாகத் தெரிகிறதா உங்களுக்கு, ஊர்ப் பக்கமாகவா திருப்புகிறான்?

சரி.

அந்தத் தண்ணீர் பாட்டிலை இப்படிக் கொடுங்கள். இன்னும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.